அக்கரையில் கிராமசபை

"இப்பப் போனா பரிசலைக் கவுத்துருமுங்க. காத்து எறங்கட்டும்" என்றார் பரிசல்காரர் நஞ்சன்.

அதிகாரிக்குச் சுள்ளென்று வந்தது.

காலையிலிருந்து எல்லாமே இப்படித்தான்.

உள்ளாட்சி தினக் கிராமசபையை நடத்த ஒன்றிய அலுவலகத்திலிருந்து அவரை அனுப்பியிருந்தார்கள். வழக்கமாக ஊராட்சி அலுவலக வாசலில் நடக்கும் கூட்டம். இந்த முறை எங்கள் பக்கம்தான் நடக்க வேண்டும் என்று அக்கரைக்காரர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள்.

அணை வருவதற்கு முன்பு இரண்டு கரையும் ஒரே ஊர். கோடையில் ஆடுகள் நடந்தே ஆற்றைக் கடக்குமாம். அணையில் தண்ணீர் தேங்கியது. ஊர் இரண்டாகப் பிரிந்தது.

ஊராட்சி மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

சாலை வழியாக வருவதென்றால் காட்டைச் சுற்றிப் பாதி நாள்.

அவர் பரிசலில் வந்து இறங்கியபோது கோயில் முன்னால் ஒரு நாய்தான் இருந்தது. சனங்கள் எல்லாம் சோளக்காட்டில். ஆள் சேரும்வரை வெயிலில் காத்திருந்தார். செல்போனில் சிக்னல் இல்லை.

ஒருவழியாகக் கூடினார்கள். வரவு செலவை வாசித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. டெங்கு ஒழிப்பைப் பற்றி வாசித்தார். முன்வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார்.

வார்டு உறுப்பினர் பாவாயி எழுந்தாள்.

"பாலம் வேணும்னு எழுதுங்க சார்."

"போன தடவையே எழுதியாச்சும்மா. அதுக்கு முந்தியும் எழுதியிருக்கு."

"இந்தத் தடவையும் எழுதுங்க."

எழுதினார்.

இப்போது கரையில் நிற்கிறார். காற்று விடவில்லை. கடைசிப் பேருந்து அந்தப் பக்கம். கூட்டத்துக்கு வந்த பெண்கள் வீட்டுக்குப் போகாமல் அவரோடு வந்து நின்றது வேறு எரிச்சலாக இருந்தது.

"வேணும்னே என்னை இழுத்தடிக்கிறீங்களா? எனக்கும் குடும்பம் இருக்கு. வீட்ல புள்ளை காத்துட்டிருக்கும்."

பாவாயி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வர்ற நேரமுங்க" என்றாள், தண்ணீரைப் பார்த்தபடி.

நடு அணையில் ஒரு பரிசல்.

"கெளம்பறப்பக் காத்து இருந்திருக்காது" என்றார் நஞ்சன். "நடுவுல புடிச்சிருச்சு."

பரிசல் சுழன்றது. சீருடைகள் தெரிந்தன. ஒரு அலைக்கு மறைந்தன. மறுபடி தெரிந்தன.

அவர் கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

பாவாயி அவர் கையைப் பிடித்தாள். "சத்தம் போடாதீங்க. புள்ளைங்க பயந்து எந்திரிச்சா பரிசல் கவுந்துருமுங்க."

அப்போதுதான் கவனித்தார். அத்தனை பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

துடுப்பு விழும் சத்தம் மட்டும் மெல்ல நெருங்கியது.

எப்போது இறங்கினார் என்று தெரியவில்லை. ஷூவும் பேன்ட்டுமாக இடுப்பளவு தண்ணீரில் நின்றார். நஞ்சன் பரிசலின் விளிம்பைப் பிடித்தார். அதிகாரி முதலில் ஒரு புத்தகப் பையை வாங்கினார். பிறகு பைக்குச் சொந்தக்காரியைத் தூக்கினார். இரண்டாம் வகுப்பு இருக்கலாம்.

கரையில் இறக்கிவிட்டும் கையை விடவில்லை.

"பயந்துட்டியா கண்ணு?"

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள்.

நடுங்கிக்கொண்டிருந்தது அவர் கைதான்.

சிறுமி தன் கையை உருவிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.