தகடு இருந்த இடம்

ஆன்டெனா நேராக நிற்க வேண்டும். சாய்ந்தால் அதற்குப் பாதி வானம் தெரியாது.

விரலளவுக் கம்பிதான். மூச்சை அடக்கிப் பிடித்திருந்தாள். கிளைடரின் காக்பிட்டுக்குள் கவிழ்ந்து கிடந்தாள். முதுகில் வெயில்.

கிளைடர் இன்ஜின் இல்லாத விமானம். சத்தமும் இல்லை. பக்கத்தில் இன்னொன்று வந்தாலும் காதுக்குத் தெரியாது. ஒவ்வொன்றிலும் பொருத்தின ரேடியோ கருவிகள்தான் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொள்ளும். கிட்டே வந்தால் விளக்கு எரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூபதியின் கிளைடருக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஒரு தென்னைமர உயரம்தான் இருந்ததாம். கட்டின புருஷன் அதைப் பற்றி அவளிடம் மூச்சுவிடவில்லை. கிளப்பில் டீ குடிக்கிறவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ரேடியோ வேலை தெரிந்தவள். கருவியை அவளே வாங்கினாள், அவளே பொருத்தினாள்.

கிளைடரின் மூக்கு முழுக்கக் கார்பன் இழை. ரேடியோ அலையை அப்படியே விழுங்கிவிடும். கருவிப் பலகையின் மேல்விளிம்பில், கண்ணாடிக்கு அடியில் மட்டும்தான் ஆன்டெனாவுக்கு வெளி தெரியும்.

அங்கே மாமியாரின் செப்புத் தகடு ஒட்டியிருந்தது. முருகன் கோயிலில் பூஜையில் வைத்து வாங்கியது. உள்ளங்கை அகலம்.

"வேற எங்க வேணும்னாலும் ஒட்டிக்க அம்மிணி. அம்மா வெச்சதுல மட்டும் கை வெச்சறாத," என்று பூபதி முன்பே சொல்லியிருந்தான்.

தகட்டை ஒட்டினாற்போல ஆன்டெனாவை வைத்துப் பார்த்தாள். ஓடுபாதையில் நின்ற இன்னொரு கிளைடரை அது கண்டுகொள்ளவே இல்லை.

தகட்டைப் பெயர்த்தாள். விளக்கு எரிந்தது.

திரும்ப வைத்தாள். அணைந்தது.

காக்க வந்ததே கண்ணை மறைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

தகட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஆன்டெனாவை ஒட்டினாள். அவனிடம் சொல்லவில்லை. பசை இறுகச் சாயங்காலம் ஆகும். யாரும் தொடாமல் இருந்தால் நிற்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் காற்று நன்றாக இருந்தது. பூபதி ஏறி உட்கார்ந்து வார்களை இறுக்கினான். பேச்சு முழுக்க மேகத்தைப் பற்றி. பலகையைப் பார்க்கவில்லை. கண்ணாடி மூடியை இழுத்துச் சாத்தினான்.

அவள் இறக்கை நுனிக்குப் போனாள்.

கிளைடர் ஒற்றைச் சக்கர வண்டி. யாராவது இறக்கையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கினால், போகலாம். தரையில் வைத்தால், நில். ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. அங்கே அதுதான் முறை.

தூக்கினாள். இடது கைக்குள் தகடு வியர்வையில் நனைந்தது. மேலே ஏற்கனவே ஒரு கிளைடர் வட்டமிட்டுக்கொண்டிருந்தது.

தூரத்தில் கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச் உறுமியது. புல்லில் கிடந்த இழுகயிறு மெல்ல நகர்ந்தது.

அப்போதுதான் பூபதியின் கை முன்னால் போனது.

பறக்கும் முன் எப்போதும் போகிற கைதான். தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற கை. அவள் எத்தனையோ தடவை கேலி செய்த கை. தகட்டை எடுக்கும்போது அது அவள் நினைவுக்கே வரவில்லை.

கண்களை மூடி, விரல்களால் அழுத்தினான். ஒற்றிக்கொண்டான். கட்டைவிரலை உயர்த்தினான்.

இங்கிருந்து கம்பி நிற்கிறதா, விழுந்ததா, தெரியவில்லை. கண்ணாடியில் வெயில்தான் அடித்தது.

ஒன்றும் ஆகியிருக்காது என்றது மனசு. இவ்வளவு தூரம் வந்தாயிற்று. வீட்டில் ஒரு சண்டையும் மிச்சம்.

கயிறு விறைத்தது.

இறக்கையைத் தரையில் வைத்தாள்.

வின்ச் அடங்கியது. கயிறு தொய்ந்தது. அவள் புல்லில் நடந்தாள்.

பூபதி மூடியைத் திறந்தான். முறைப்படி, ஒன்றும் கேட்கவில்லை.

அவள் கையை விரித்தாள்.

தகட்டைப் பார்த்தான். பிறகு பலகையைப் பார்த்தான். ஆன்டெனா கார்பன் விளிம்புக்குக் கீழே படுத்துக் கிடந்தது.

சத்தமே இல்லாமல் ஒரு நிழல் இருவர் மேலும் கடந்து போனது. இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

அவன் தகட்டை வாங்கிக்கொள்ளவில்லை.

"போன ஞாயித்துக்கெழமயும் அதத் தொட்டுட்டுத்தான் போனேன்," என்றான்.