பிழை வரம்பு

எண்கணிப்பு வகுப்பில் இப்போதெல்லாம் பாடப்புத்தகக் கணக்குகள் கிடையாது. ஊருக்கு வேண்டிய கணக்குகளைத்தான் வீட்டுப்பாடமாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். இந்த வாரம் நிறைமதிக்கு வந்தது வெள்ளக் கணக்கு. ஏரியைத் திறந்தால் ஒரு தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று சொல்ல வேண்டும். தெருவுக்குப் பெயர் கூடக் கிடையாது, வெறும் எண்தான்.

காலையிலிருந்து விடை ஒரு நிலையில் நிற்கவில்லை. கணினி போட்ட ஒரு சுற்றில் கணுக்கால் அளவு வந்தது, அடுத்த சுற்றில் கூரை அளவு வந்தது. ஒரு சுற்றின் விடைக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் பிழை வரம்புக்குள் அடங்கினால்தான் திரையில் பச்சை எரியும், மதிப்பெண் விழும். மூன்று மணிக்குக் கெடு. கடைசியில், விடுதியில் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். பிழை வரம்பைத் தளர்த்தினாள். கணுக்காலில் பச்சை எரிந்ததும் அனுப்பிவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் அம்மா போனில் கூப்பிட்டாள்.

“நம்ம தெருவுக்கு நீதான் கணக்குப் போட்டியாமே? உன் பேரோட செய்தி வந்திருக்கு. கணுக்கால் தண்ணிதானாம்.”

நிறைமதி எழுந்துவிட்டாள். “அம்மா, அது தப்பும்மா. நான் தப்பாப் போட்டுட்டேன். உடனே எல்லாரும் கிளம்புங்க.”

அம்மா சிரித்தாள். “ஒவ்வொரு பரீட்சைக்கும் இப்படித்தான் தப்பாப் போட்டுட்டேன்னு அழுவே. அப்புறம் பாத்தா முதல் மார்க். ஊரைக் காலி பண்ண வந்த பஸ்ல ஏறினவங்களைக்கூட நான்தான் இறக்கிக் கூட்டிட்டு வந்தேன், எம்பொண்ணு போட்ட கணக்குன்னு.”

“அம்மா, சத்தியமாச் சொல்றேன்.”

“இரு, ஏரியைத் திறக்கச் சங்கு ஊதறாங்க. வந்தவங்களுக்குக் காபி போடணும், அப்புறம் பேசறேன்.”