தீர்ப்பு சொல்ல வந்த ஆடு

ஒரு தோட்டத்தில் செம்பருத்திச் செடியும் அணிலும் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

"என் முதுகுல மூணு கோடு இருக்கு. உனக்கு என்ன இருக்கு?" என்றது பக்கத்துக் கொய்யா மரத்தில் இருந்த அணில்.

"எனக்குத் தினமும் புதுப் பூ. உனக்கு வருஷம் முழுக்க அதே கோடுதானே?" என்றது செம்பருத்தி.

அந்த நேரம் வேலிச் சந்தில் நுழைந்து ஒரு வெள்ளாடு வந்தது.

"அண்ணே, எங்கள்ல யாரு உசத்தி? நீங்களே சொல்லுங்க" என்று அணில் கேட்டது.

ஆடு அணிலை மேலும் கீழும் பார்த்தது. பிறகு செடியிடம் போய், "ருசி பாக்காம எப்படிச் சொல்றது?" என்று ஒரு கிளையைப் பூவோடும் இலையோடும் உருவித் தின்றது. அடுத்த கிளையையும் வளைத்தது.

"ஐயோ, அணிலே!" என்று செடி அலறியது.

இனி ஜெயிக்கப்போவது தான்தான் என்று அணிலுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்த அலறலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அதனால் முடியவில்லை. கொய்யா மரத்திலிருந்து ஆட்டின் நெற்றியில் குதித்து, கீச்சிட்டபடியே காதைக் கடித்தது. ஆடு மிரண்டுபோய், தலையை உதறிக்கொண்டு வெளியே ஓடியது.

செடியில் ஒரே ஒரு மொட்டு மிச்சம் இருந்தது. "அப்பாடா!" என்று இரண்டும் மூச்சு விட்டன.

வேலிக்கு அப்பாலிருந்து ஆடு கேட்டது: "இன்னும் தீர்ப்பு சொல்லலையே, வரட்டுமா?"

"வேண்டாம் அண்ணே!" என்று இரண்டும் ஒரே குரலில் கத்தின. "நாங்க ரெண்டு பேருமே சுமார்தான்!"