துப்பத் தெரிந்தவர்

ஹரிசங்கர் கண்ணை மூடி, வாயில் இருந்த ஒயினை இரண்டு கன்னத்துக்கும் மாற்றி மாற்றி உருட்டி, கடைசியில் எவர்சில்வர் சொம்பில் துப்பினார்.

"இன்னா மச்சான், கெட்டுப் பூச்சா?" என்றான் கலையரசன்.

"பிரமாதமா இருக்கு" என்றார் ஹரிசங்கர். நல்ல ஒயினைத் துப்ப வேண்டும் என்பதுகூடத் தெரியாத ஜென்மங்களோடு பிரான்ஸுக்குப் போக வேண்டியிருக்கிறதே என்ற வேதனை அவர் நெற்றியில் கோடு கோடாகத் தெரிந்தது.

2005-ஆம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கலையரசனின் சவுக்குத் தோப்பு. செங்கல்பட்டில் ஒன்றாகக் கல்லூரிப் படிப்பை முடித்த நான்கு பேரும் ஹரிசங்கரின் மாருதியில் வந்து இறங்கி, வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வருகிற கோடைக்குப் பிரான்ஸ். ஊர் ஊராகத் திராட்சைத் தோட்டம், தோட்டத்துக்குத் தோட்டம் ஒயின், சுற்றுவதற்கு ஒரு வாடகை வேன். எல்லாம் முடிவாகிவிட்டது. பயணத்துக்கு யார் தலைவர் என்பதுதான் பாக்கி.

அந்தப் பதவியை ஹரிசங்கர் தமக்குத் தாமே எப்போதோ கொடுத்துக்கொண்டுவிட்டார். வங்கியில் தமக்குக் கீழே வேலை பார்ப்பவர்களிடம், தாம்தான் குழுவை நடத்திப் போவதாகச் சொல்லியாகிவிட்டது. மச்சினனிடமும் சொல்லியாகிவிட்டது. மனைவி கோமளத்தின் புண்ணியத்தில் திருக்கழுக்குன்றத்தில் தெருவே அறியும், ஒயின் என்ற சமாசாரத்தை மட்டும் நீக்கி. இனிமேல் கூட்டத்தோடு கூட்டமாகப் போனால் மானம் போய்விடும்.

போட்டிக்கு இருந்தவன் நரசிம்மன். கல்பாக்கத்தில் என்ஜினியர். ஆபீஸ் செலவில் ஒரு தடவை பிரான்ஸுக்கே போய் வந்தவன். ஆனால் அங்கேயும் மாவடு பாட்டிலும் கையுமாகப் போனவன் என்பதால் ஹரிசங்கர் அவனை ஒரு மனிதனாகவே சேர்ப்பதில்லை.

மற்ற இருவரும் அதற்கும் கீழே. கூடுவாஞ்சேரியில் மனை விற்கும் ஆபிரகாம், ஒயினில் ஐஸ் போடுகிறவன். அச்சரப்பாக்கத்தில் நெல் மில் வைத்திருக்கும் கலையரசனோ கண்ணாடிக் கோப்பையை உயரத் தூக்கி, உதட்டில் படாமல், மோர் குடிப்பது போல அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறவன்.

இவர்களுக்குத்தான் ஹரிசங்கர் மாதக்கணக்கில் வகுப்பு எடுத்தார். பாண்டிச்சேரியிலிருந்து பாட்டில் வரும். கோப்பையை எப்படிச் சுழற்றுவது, மூக்கை எவ்வளவு உள்ளே விடுவது என்றெல்லாம் செய்து காட்டுவார். முதல் மழை விழுந்த செம்மண் வாசனை வருகிறதா என்று கேட்பார். கலையரசன் மோந்து பார்த்து, மாட்டுக் கழுநீர்த் தொட்டி வாசனைதான் வருது என்பான். அப்புறம் மூவரும் முழுங்குவார்கள். அவர் துப்புவார்.

முழுங்குகிறவன் குடிகாரன், துப்புகிறவன் ரசிகன் என்பது அவர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சித்தாந்தம். வாயோடு நின்றால் தோஷமில்லை, தொண்டையைத் தாண்டினால்தான் ஆசாரம் கெடும் என்று தமக்குத் தாமே சாஸ்திரம் எழுதிக்கொண்டதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவர் பிரான்ஸின் பர்கண்டி மலைச்சரிவில் காலை வெயில் எந்தப் பக்கம் விழும் என்று விளக்கிக்கொண்டிருந்தபோது ஆபிரகாம் குறுக்கே புகுந்தான். அந்த ஊர் போலீஸும் நம்மூர் மாதிரி ரோட்டில் வண்டியை நிறுத்தி ஊதச் சொல்வானா என்று கேட்டான். கட்டாயம் சொல்வான், சிபாரிசெல்லாம் அங்கே எடுபடாது என்றான் நரசிம்மன். மூவரும் கவலையோடு கோப்பையைப் பார்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவு உயர்ந்த விஷயத்துக்கு நடுவில் போலீஸ் ஞாபகம் வருகிறவர்களை என்னவென்று சொல்வது? ஹரிசங்கர் இன்னொரு வாய் ஊற்றி, முன்னைவிட உரக்கத் துப்பினார்.

கலையரசன் தொண்டையைச் செருமினான். "சரி, தலைவர் மேட்டர முடிச்சிருவோம்."

ஹரிசங்கர் கோப்பையைக் கீழே வைத்தார். நரசிம்மனின் பெயர் வந்தால் முதுகுவலி என்று சொல்லிப் பயணத்திலிருந்தே கழன்றுகொள்வது என்று அந்த ஒரு நிமிஷத்தில் முடிவு செய்தார்.

"நீதான் மச்சான்" என்றான் கலையரசன். "உன்ன வுட்டா இதுக்கு வேற யாரு கீறாங்க?"

நரசிம்மனே முதலில் கையைத் தூக்கினான். ஆபிரகாம் இரண்டு கையையும் தூக்கினான்.

ஹரிசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. தகுதி என்று ஒன்று இருந்தால், மரமண்டைகளுக்கும் ஒரு நாள் அது உறைக்கத்தான் செய்கிறது. கலங்கிய கண் காய்வதற்குள் அவர் நிபந்தனைகளை ஆரம்பித்துவிட்டார். அவர் கை காட்டும் தோட்டத்துக்குத்தான் போக வேண்டும். வெள்ளைக்காரன் எதிரில் யாரும் ஐஸ் கேட்கக் கூடாது, அண்ணாந்து ஊற்றக் கூடாது. எல்லாவற்றுக்கும் மூவரும் தலையை ஆட்டினார்கள். ஆறு மாதத்தில் இப்படி ஓர் அடக்கத்தை அவர் கண்டதில்லை.

"இன்னொண்ணு. வேன்ல முன் சீட்டு எனக்கு. ஆளுக்கு ஒரு நாள்னு பங்கு கேட்டு யாரும் வரக் கூடாது" என்றார்.

"சத்தியமா கேக்க மாட்டோம் மச்சான். போற அன்னிலேர்ந்து வர்ற வரிக்கும் நீயே குந்திக்கினு வா."

ஆபிரகாம் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டான். கலையரசன் எழுந்து வந்து, தலைவரின் தோளில் பாசத்தோடு கையைப் போட்டான்.

"ஆனா ஸ்டியரிங்கு அங்க இடது பக்கம் கீது, இப்பவே பழகிக்க."