நாலாவது கால்

"மூவாயிரம் கமெண்ட் தாண்டிடுச்சு" என்று போனும் கையுமாகக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார் கார்ட்டூனிஸ்ட்.

பிரதமரின் நாற்காலியை அவர் மூன்று கால்களோடு வரைந்திருந்தார்.

"கூட்டணிக் கட்சி கழண்டுக்கப் போகுது, நாற்காலி முக்காலியாகப் போகுதுன்னு முதல்ல ஒருத்தர் எழுதினார். அதைப் பிடிச்சுக்கிட்டு ஊரே பேசுது. 'சொல்லாம சொல்லிட்டீங்க'ன்னு எங்க ஆசிரியரே உருகிட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?" காய் நறுக்கியபடியே கேட்டாள் மனைவி.

"யோசிச்சு வரைஞ்சதுதான்னேன். அந்தப் புண்ணியவானைக் கண்டுபிடிச்சு நன்றி சொல்லணும்."

"இங்கேயே சொல்லிடுங்க. நாலாவது காலை வரைய மறந்துட்டீங்கன்னு பேப்பரைப் பார்த்ததுமே தெரிஞ்சுது. மானம் போயிடுமேன்னு நான்தான் எழுதிப் போட்டேன்."

கார்ட்டூனிஸ்ட் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, கால்களை ஒருமுறை எண்ணிவிட்டு உட்கார்ந்தார்.