கணுக்கால் பிடி

தொழில்முறை கபடி அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் செல்லையா, யாரும் கேள்விப்படாத ஒரு கல்லூரியின் களத்தில் இறங்கிக் காலை நீட்டினார். கணுக்காலைப் பிடித்தவனை நடுக்கோடு வரை இழுத்துப் பார்ப்பது அவர் வழக்கம். இழுத்த இழுப்புக்கு வருபவனின் பெயரைப் பட்டியலில் அடித்துவிடுவார். மனைவி இறந்து இருபது நாளாகியிருந்தது. அன்று காலை கொதிக்கக் கொதிக்க டீ குடித்தும் நாக்கு சுடவில்லை.

கல்லூரி அணியின் வேம்பரசன் பாய்ந்து பிடித்தான். பத்து விரல்களும் எலும்பு வரை இறங்கின. வலித்தது; இந்த இருபது நாளில் அவருக்கு உறைத்த முதல் வலி. செல்லையா அசையாமல் நின்றார்.

"இழுங்க சார். எனக்கு இன்னைக்கு ஒருநாள்தான் சான்ஸு."

"பெருசுக்கு மூச்சு வாங்குதுடா" என்று கோட்டுக்கு வெளியே யாரோ ஒருவன் சிரித்தான்.

நேரம் போனது. வேம்பரசனின் விரல்கள் வியர்வையில் வழுக்கத் தொடங்கின.

"போதுமா சார்? விட்டுரவா?"

நடுக்கோட்டைப் பார்த்தபடியே செல்லையா, "விட்டுராதப்பா" என்றார்.