நீங்க குதிங்க அக்கா

மொட்டை மாடியில் காயவைத்த வடகத்துக்கு ஆசைப்பட்டு, செவலைப் பசு படியேறிப் போய்விட்டது. வடகம் தீர்ந்ததும் திரும்பிப் பார்த்தால், படியில் இறங்கப் பயம்! கீழே கன்றுக்குட்டி பசியில் கத்துகிறது.

“இதுக்கா இப்படி முழிக்கிறீங்க? குதிச்சிடுங்க அக்கா!” என்றது மாடியில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பு. சொன்னதோடு நிற்காமல் மாடி விளிம்பிலிருந்து விழுந்தும் காட்டியது. தூசி மாதிரி மிதந்து இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல நடந்தது.

மாடியில் பக்கத்தில் நின்ற சுண்டெலியும் குதித்தது. தொப்பென்று விழுந்து, உடம்பை உதறிக்கொண்டு, “அவ்வளவுதான் அக்கா, வாங்க!” என்று கூப்பிட்டது.

பசுவுக்குத் துணிச்சல் வந்துவிட்டது. விளிம்புக்கு நகர்ந்தது. அங்கே மாடிவரை படர்ந்திருந்த கொடியில் கிடந்த பெரிய பூசணிக்காயை அதன் கால் இடறிவிட, காய் முந்திக்கொண்டு கீழே போனது.

டமார்!

கன்றின் முகமெல்லாம் விதை. சுண்டெலி வளைக்குள் ஓடியே போய்விட்டது. பசு விளிம்பிலேயே நின்று கழுத்தை நீட்டியது. சிதறிக் கிடந்த பூசணியைப் பார்த்தது; தன் வயிற்றையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டது.

எறும்பு மட்டும் பூசணிச் சதைக்குள்ளிருந்து தலையை நீட்டி, “அதுக்கு விழத் தெரியலை அக்கா! நீங்க பயப்படாம குதிங்க!” என்றது.

பசு திரும்பிப் போய் முதல் படியில் காலை வைத்தது.